வேறு யாரும் உண்டா

படிவத்தின் ஏழாம் பத்தியில்
ஆறு வரி இடம் விட்டிருக்கிறார்கள்:
இந்த நிறுவனம் மட்டும் ஏன்?

பீடோர் பசாரில் இரண்டு வெள்ளிக் கீரைக்கே
மூன்று கடை ஏறி இறங்குகிறவள் நான்.
நான்கு லட்சத்து எண்பதாயிரம் வெள்ளிக்கு
ஒரே கடைதான் என்று
இப்போது எழுதித்தர வேண்டும்.

காரணம் இருக்கிறது. பொய்யில்லை.
அரசாங்கப் பட்டறையின் பின்னறையில்
பதினெட்டு வருடமாக நிற்கிறது அந்தச் சோதனை இயந்திரம்.
சாலை விளக்கு, நீரேற்றும் பம்பு, ஆற்றோர வெள்ளச் சங்கு,
எதன் மின்பலகை பழுதானாலும்
அதன் ஆணிப்படுக்கையில்தான் குப்புறக் கிடத்துவோம்.
ஆயிரத்து இருநூறு ஊசிகள்
ஈயப் பொட்டுகளைத் தொட்டுக் கேட்கும்.
நல்லதென்றால் பச்சை.
இல்லையென்றால் ஓர் எண், ஒரு சின்ன விம்மல்.

லோகசந்திரன் அதற்கு
முந்நூற்று நாற்பது சோதனைகள் எழுதி வைத்திருக்கிறார்.
வேறெந்த இயந்திரமும் அந்த மொழியைப் படிக்காது.
"புதுசு வாங்கினாலும் இதே சாதியிலதான் வாங்கணும் மேடம்,
வெளிய பொண்ணு எடுக்க முடியாது."

விற்பனைக்கு வந்த இயோ
பழைய இயந்திரத்தின் முதுகைத் தடவிக்கொடுத்து
இனி உதிரிபாகம் வராது என்றார்
சாவு வீட்டுக் குரலில்.
விலைப்பட்டியலை வைத்துவிட்டுப் போனார்.
தள்ளுபடி என்ற கட்டத்தில் ஒரு கோடு.

எனக்குப் பழகிய கோடுதான்.
நான் பிறந்த செம்பனைத் தோட்டத்திலும் ஒரே கடை.
அரிசி என்ன விலையென்று யாரும் கேட்டதில்லை,
சம்பள நாளில் கிராணியே கழித்துக்கொள்வார்.
அங்கே 'ஏன்' என்று ஒரு பத்தி கிடையாது.
இங்கே இருக்கிறது, ஆறு வரி.
வித்தியாசம் அவ்வளவுதானா என்று
ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
சன்னலுக்கு வெளியே
குலை ஏற்றிய லோரிகள் போய்க்கொண்டிருந்தன.

விதிப்படி பதினான்கு நாள் அறிவிப்பு ஒட்டினோம்:
வேறு யாரும் உண்டா?
பன்னிரண்டு நாள் பல்லி மட்டும் வந்து பார்த்தது.
பதின்மூன்றாம் நாள் ஒரு கடிதம்.

ப. வேதநாயகி,
கைப்பேசி பழுதுபார்ப்பு, பேருந்து நிலையத்தின் பின்புறம்.
பிறைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம்
ஆணிப்படுக்கை கோத்திருக்கிறேன்.
உங்கள் ஊசிகள் எனக்குத் தெரியும்.
பழைய சட்டமே போதும், மொழியை மாற்றித் தர ஐந்து மாதம்.
அறுபத்திரண்டாயிரம் வெள்ளி.
நம்பாவிட்டால் ஒரு பலகை கொடுத்துப் பாருங்கள்.
எழுத்துப் பிழை இரண்டு. முத்திரை இல்லை.

துவான் ஷம்சுரி இரண்டு முறை படித்தார்.
அசல் தயாரிப்பாளரின் அங்கீகாரம்? இல்லை.
மூன்று வருடக் கணக்கறிக்கை? இல்லை.
"கெட்டிக்காரப் பெண்" என்று மலாயில் சொல்லி
கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

அன்று சாயங்காலம் அலமாரியிலிருந்து
ஒரு பலகை குறைந்தது.
மூன்று மாதமாக விம்மிக்கொண்டிருந்த சங்குப் பலகை.
நான் கேட்கவில்லை, லோகசந்திரன் சொல்லவில்லை.
மறுநாள் காலை அது என் மேசையில், மஞ்சள் சீட்டோடு:
பதினேழாம் மின்தடையின் காலில் ஈயம் விட்டிருந்தது.
காசு வேண்டாம்.

ஆணிப்படுக்கையில் கிடத்தினோம்.
பச்சை.

ஆனாலும் ஊசி
தொடச் சொன்ன புள்ளியைத்தான் தொடும்.
அங்கீகாரம், அறிக்கை, முத்திரை,
படிவத்தின் புள்ளிகள் அவ்வளவே.
ஐந்து வரி எழுதினேன், எல்லாம் உண்மை.
ஆறாம் வரியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு அவள் கடிதத்தைத் துளையிட்டுக் கோப்பில் கோத்து
"இணைப்பைப் பார்க்கவும், பக்கம் நாற்பத்தொன்று" என்று முடித்துக்
கையெழுத்துப் போட்டேன்.
நாற்பது பக்கம் வரை
யாரும் புரட்டி நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு
ஆற்றோரம் சோதனைச் சங்கு ஊதியது.
பசாரில் எல்லோரும் ஒரு கணம் நிமிர்ந்தார்கள்.
வெள்ளமில்லை, சும்மா சோதனை என்று
கீரைக்காரி சொன்னாள்.